சோலார் பேனலைப் போர் தண்ணீரில் கழுவுகிறீர்களா?

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டவர்கள் பலரும் அடிக்கடி ஹோஸ் பிடித்துக் கழுவுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அது வெயிலில் காய்ந்ததும் கண்ணாடிமேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். பாத்ரூம் குழாயில் படிகிற அதே உப்புதான். தூசியாவது ஒரு மழையில் போய்விடும், இது போகாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரும் வேண்டாம்; அதில் உப்பு இன்னும் அதிகம். மழைநீர் தொட்டி இருந்தால் அதுதான் சிறந்தது. வேறு வழியில்லை, போர் தண்ணீர்தான் என்றால், கழுவிய கையோடு வைப்பரால் வழித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். மத்தியானம் பேனல் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும்; அப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். காய்ந்த காக்கை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன்மேல் 10 நிமிடம் போட்டு வைத்தால் ஊறி, துடைத்ததும் வந்துவிடும். சின்னதுதானே என்று விட்டுவிடவும் கூடாது, எச்சம் மறைத்த செல் (பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிவது) மின்சாரம் தராமல் சூடேறும். சோப்புத்தூள், கம்பி நார் கூடவே கூடாது.

அப்புறம், இன்வெர்ட்டரில் தினமும் எத்தனை யூனிட் என்று பாருங்கள். தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். நல்ல வெயிலிலும் 3-க்குக் கீழே இறங்கினால், முதலில் பக்கத்துத் தென்னை மட்டையின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள்.