அழகர்மலைக்கு முதல்முறை போகிறீர்களா? மதுரையிலிருந்து பஸ்ஸிலும் காரிலும் வழி

மதுரைக்கு வடக்கே 21 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அழகர்கோவில். தூரம் பெரிதில்லை. ஆனாலும் காலையில் கிளம்பி, மதியம் சாத்திய கதவின் முன்னால் நிற்பவர்கள் ஏராளம். ஒரே மலையில் மூன்று இடங்கள் இருப்பதும், கீழேயும் மேலேயும் நேரம் வேறுவேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அடிவாரத்தில் கோட்டைச் சுவருக்குள் கள்ளழகர் கோவில். அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 3 கி.மீ. ஏறினால் பழமுதிர்ச்சோலை முருகன். இன்னும் மேலே போனால் ராக்காயி அம்மன் கோவிலும் நூபுர கங்கைத் தீர்த்தமும்.

கீழ்க்கோவில் நடை மதியம் 12, 12:30 வாக்கில் சாத்தி, பிற்பகல் 3:30, 4 மணிக்குத்தான் திறக்கும். மலைமேல் மதிய இடைவேளை தொல்லை இல்லை, ஆனால் மாலை 6 மணியோடு எல்லாம் அடங்கிவிடும். ஆகவே பயணத்தை இந்த இரண்டு கடிகாரங்களை வைத்துத்தான் போட வேண்டும். காலை 8 மணிக்குள் அடிவாரம் சேர்ந்து, நேரே உச்சிக்கு ஏறி, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். தீர்த்தத்தில் குளித்துவிட்டுச் சாமி கும்பிடுவதுதான் முறையும் கூட.

பஸ்ஸில் போகிறவர்கள்

அழகர்கோவில் டவுன் பஸ் இரண்டு இடங்களில் கிடைக்கும்: பெரியார் பஸ்ஸ்டாண்டு, மாட்டுத்தாவணி. ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பெரியார்தான் வசதி. ஜங்ஷன் வாசலில் இருந்து நடக்கும் தூரம், ஆட்டோ தேவையில்லை. சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கமிருந்து வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்குவார்கள். அவர்கள் ஊருக்குள் போகாமல் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். திண்டுக்கல், தேனி, கோயம்புத்தூர் பஸ்கள் ஆரப்பாளையத்தில் விடும். அங்கிருந்து பெரியாருக்கு ஒரு டவுன் பஸ் பிடித்து, அங்கே மாற வேண்டும்.

ஏறும்முன் போர்டை முழுதாகப் படியுங்கள். ‘அழகர்கோவில் ரோடு’ என்பது தல்லாகுளத்தில் தொடங்கும் நீண்ட சாலையின் பெயர். புதூர், சர்வேயர் காலனி, கடச்சனேந்தலோடு திரும்பிவிடும் பஸ்களும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. கண்டக்டரிடம் “அழகர்கோவில் போகுமா” என்று கேட்காமல் “அழகர்கோவில் மலையடிவாரம் வரைக்கும் போகுமாண்ணே” என்று கேளுங்கள், குழப்பமே வராது.

இன்னொரு தவறு ஆட்டோவில் நடக்கும். பெரியார் பஸ்ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கூடலழகர் பெருமாள் கோவில் இருக்கிறது. வெளியூர்க்காரர் வெறுமனே “அழகர் கோவில்” என்றால் சிலர் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். போனில் வரைபடம் பார்க்கிறவர்களும் முதலில் வரும் பெயரைத் தட்டிவிட்டு, ‘என்னடா, ஐந்து நிமிஷம் என்று காட்டுகிறதே’ என்று மகிழ்ந்துபோகிறார்கள். அது ஊருக்குள் இருக்கும் அழகர். நீங்கள் போக வேண்டியது மலையழகரிடம். அதேபோல் வழியில் ‘அப்பன் திருப்பதி’ என்று ஒரு நிறுத்தம் வரும். பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்காதீர்கள், அழகர்கோவில் அதற்கும் அப்பால்.

பயண நேரம் 45 நிமிஷத்தில் இருந்து ஒரு மணி நேரம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் காசு கிடையாது. முகப்பில் ரோஸ் வண்ணம் அடித்திருப்பதை வைத்து அந்த பஸ்ஸை அடையாளம் காணலாம். காசு கொடுக்காவிட்டாலும் கண்டக்டரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள், செக்கிங் வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

காரில், பைக்கில் போகிறவர்கள்

ஊர் நடுவிலிருந்து கிளம்பினால் கோரிப்பாளையம், தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி, அழகர்கோவில். மூன்றுமாவடி தாண்டியபின் திருப்பம் என்று யோசிக்க ஒன்றுமில்லை. சிக்கல் முதல் நான்கு கிலோமீட்டரில்தான். பள்ளி, ஆபீஸ் நேரத்தில் கோரிப்பாளையத்தில் மாட்டினால் இருபது நிமிஷம் அங்கேயே கரையும். காலை 7 மணிக்குள் வைகை ஆற்றைத் தாண்டிவிட்டால் 40 நிமிஷத்தில் அடிவாரம்.

தல்லாகுளத்துப் பக்கம் ஒரு பொறி இருக்கிறது: நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம். 2023-ல் திறந்தது, 7.3 கி.மீ. நீளம். அழகர்கோவிலுக்கு அதில் ஏறக் கூடாது. தவறி ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, நத்தம் ரோட்டில் வெகுதூரம் கொண்டுபோய் விட்டுவிடும். பாலத்தின் ஏற்றம் கண்ணில் பட்டதும் வண்டியைக் கீழ்ச்சாலையிலேயே வைத்துக்கொண்டு, ‘அழகர்கோவில்’ என்ற பலகையைப் பாருங்கள்.

மாட்டுத்தாவணிப் பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் நுழையவே வேண்டாம். சர்வேயர் காலனி 120 அடி ரோடு வழியாக வந்து அழகர்கோவில் ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் போதும். திருச்சியிலிருந்து காரில் வருகிறவர்கள் இன்னும் முன்னதாகவே, மேலூரில் இருந்தே அழகர்கோவிலுக்குப் பிரிந்துவிடலாம். மதுரை நெரிசலே படாது.

பெட்ரோல், டயர் காற்று எல்லாவற்றையும் கடச்சனேந்தலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடைசிச் சில கிலோமீட்டரில் ஆடு மாடு குறுக்கே வரும், வேகம் வேண்டாம். பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளம் தெரிந்தால் வந்துவிட்டோம் என்று அர்த்தம். மாசியில் அழகர் தெப்பத்துக்கு எழுந்தருளும் குளம் அது. எதிரே மலை படுத்துக் கிடக்கும்.

அடிவாரத்தில் இறங்கியதும்

பழைய கோட்டைச் சுவரைக் கடந்துதான் உள்ளே போவீர்கள். வலமும் இடமும் பார்த்துக்கொண்டு நேரே கோவிலுக்குள் நுழைந்துவிடாமல், மலைக்குப் போகும் கோவில் மினி பஸ் எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். டிக்கெட் வாங்கி ஏற வேண்டும், ஆள் சேர்ந்ததும் எடுப்பார்கள். விடுமுறை நாளில் 9 மணிக்கு மேல் வரிசை நீளும். பஸ்ஸுக்கும் தீர்த்தத்துக்கும் செருப்பு விடுவதற்கும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கையில் வையுங்கள். மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் போனைத் தட்டிக் காசு கொடுப்பதை நம்பிப் போக வேண்டாம்.

சொந்த வண்டியில் ஏறுவதென்றால் மலை வாயிலில் கட்டணம் கட்ட வேண்டும். கூட்ட நாட்களில் வண்டியைக் கீழேயே நிறுத்தச் சொல்வார்கள், அதற்குத் தயாராகவே போங்கள். ஏறும்போது பெரிய சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் பலர் தப்பு செய்கிறார்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு அந்தத் துணை குறைவு. அதனால் ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி, இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் ஆற விடுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பிடிக்காதவர்கள் நடக்கலாம். பழமுதிர்ச்சோலை வரை ஏற ஒரு மணி நேரம் வரும். மரநிழல் உண்டு, தண்ணீர் கையில் இருக்கட்டும்.

குரங்கு

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும். அழகர்மலைக் குரங்குகள் மனிதர்களைக் கண்டு ஒதுங்குவதில்லை; வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் தீனி கொடுத்துப் பழக்கியதன் பலன். பாலிதீன் பை சரசரத்தால் உள்ளே தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். பழம், தேங்காய், பிரசாதம் எதையும் கையில் தொங்கவிடாமல் ஜிப் போட்ட துணிப்பைக்குள் வையுங்கள். பை முதுகில் இருப்பதைவிட மார்புப் பக்கம் இருப்பது நல்லது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கவனம். பையைப் பிடித்து இழுத்தால் இழுபறி வேண்டாம், கடி விழும். உள்ளே இருக்கும் தின்பண்டத்தைத் தூர எறிந்துவிட்டு நகருங்கள். காரின் கண்ணாடிகளை ஒரு விரல் இடைவெளி கூட இல்லாமல் ஏற்றிவிட்டுப் போங்கள்.

மேலிருந்து கீழாக

நூபுர கங்கையில் குளிக்க ஒரு துண்டு, மாற்று உடை, ஈரத்துணிக்கு ஒரு பை போதும். இந்தத் தீர்த்தத்துக்குச் சிலம்பாறு என்றும் பெயர். கீழே அழகருக்குத் திருமஞ்சனம் இந்த நீரில்தான். வேறு நீர் பட்டால் உற்சவர் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. தண்ணீர் சுருக்கென்று குளிரும், சிறு குழந்தைகளைத் தலையோடு சேர்த்து உடனே நனைக்காதீர்கள். படிகள் எப்போதும் ஈரம், பாசி வேறு. வயதானவர்களை ஒரு கை பிடித்தே இறக்குங்கள்.

அடுத்து பழமுதிர்ச்சோலை. ஆறுபடை வீடுகளில் ஆறாவது. வள்ளி, தெய்வானையோடு முருகன். ஔவையிடம் “சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா” என்று கேட்ட நாவல் மரத்தின் கதை இங்கேதான் நடந்ததாகச் சொல்வார்கள், மரத்தையும் காட்டுவார்கள். சின்னக் கோவில், சாதாரண நாளில் அரை மணி நேரம் தாராளம்.

பத்தரை, பதினொன்றுக்குள் கீழே வந்துவிட்டால் கள்ளழகரை நிதானமாகப் பார்க்கலாம். ராஜகோபுரத்தின் கதவு சாத்தியே இருப்பதைப் பார்த்து ‘நடை சாத்திவிட்டார்கள் போல’ என்று திரும்பிவிடாதீர்கள். அந்தக் கதவுதான் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. சந்தனம் பூசி, மாலை சார்த்தி, கதவையே கும்பிடுகிறார்கள். நாம் உள்ளே போவது பக்கத்தில் உள்ள வண்டி வாசல் வழியாக. கருப்பசாமி முன்னால் சத்தியம் செய்கிறவர்களும் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களும் நிற்பார்கள்; அங்கே செல்ஃபி எடுப்பதை ஊர்க்காரர்கள் ரசிப்பதில்லை.

உள்ளே மூலவர் பரமசாமி. கருவறைக்கு மேல் வட்ட வடிவ விமானம், கல்யாண மண்டபத்தில் நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள். வெளியே வசந்த மண்டபத்து விதானத்தில் ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், அண்ணாந்து பார்க்கக் கால்மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பிரசாதக் கடையில் அழகர்கோவில் தோசை வாங்காமல் திரும்பினால் வீட்டில் கேள்வி வரும். பச்சரிசி, உளுந்து மாவில் சுக்கு, மிளகு, சீரகம் சேர்த்து நெய்யில் வேகும் தடித்த தோசை. கடையில் தின்னும் தோசை மாதிரி மிருதுவாக இருக்காது, கடித்துத்தான் தின்ன வேண்டும். மறுநாளைக்கும் தாங்கும்.

போகக் கூடாத நாட்கள், திரும்பும் வழி

சித்திரைத் திருவிழாவில் அழகரே மதுரைக்குப் புறப்பட்டு வந்துவிடுவார். மதுரை மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் இருந்து வைகை ஆற்றில் இறங்கித் திரும்பும் வரை இதே சாலையில்தான் அவர் வருவதும் போவதும். அந்த நாட்களில் மூன்றுமாவடி, தல்லாகுளம் வழியாக வண்டி ஓட்ட நினைக்காதீர்கள். ஆடிப் பௌர்ணமித் தேர், ஆடி அமாவாசை, சோலைமலையில் (பழமுதிர்ச்சோலையில்) கந்தசஷ்டி ஆகியவையும் கூட்டம் நெருக்கும் நாட்கள். முதல்முறை போகிறவர்களுக்குச் செவ்வாய், வெள்ளி தவிர்த்த வார நாள் ஏதாவது சரியாக இருக்கும்.

திரும்பும்போது பெரியார் பஸ், மாட்டுத்தாவணி பஸ் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். ராத்திரி சென்னை பஸ்ஸோ திருநெல்வேலி பஸ்ஸோ பிடிக்க வேண்டியவர்கள் அவசரத்தில் பெரியார் பஸ்ஸில் ஏறிவிட்டால் ஊரைச் சுற்றி மறுபடி மாட்டுத்தாவணிக்கு வர ஒரு மணி நேரம் வீண். ரயிலுக்குப் போகிறவர்கள் மாலை நெரிசலையும் சேர்த்து, ரயில் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே அடிவாரத்தில் பஸ் ஏறிவிடுங்கள்.