பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி: போத்தலும் கொப்பியும் போதும்

தரம் 7 வகுப்பில் காலநிலை மாற்றம் என்று சொன்னதும் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது பனிக்கரடி. மட்டக்களப்புப் பிள்ளைகள் இவர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் அறுவடைக்கு நின்ற வேளாண்மை அழிந்ததை வீட்டில் பெரியவர்கள் இன்னும் சொல்வதைக் கேட்டு வளர்கிறவர்கள். இவர்கள் தொடங்க வேண்டிய இடம் தங்கள் முற்றத்து மழை. அதை அளக்க ஒரு மழைமானி செய்வோம். செய்வதற்கு ஒரு காலைப்பொழுது போதும். அதன்பின் ஒரு நாளும் விடாமல் எழுதுவதில்தான் இருக்கிறது உண்மையான வேலை.

போத்தலைத் தயார் செய்தல்

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று எடுங்கள். நடுப்பகுதி நேராக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய போத்தல் வேண்டாம். கத்தரிக்கோல், ஒட்டுநாடா, அழியாத மை பேனா, அடிமட்டம், ஒரு கைப்பிடி சீமெந்து, கொஞ்சம் மணல், விஞ்ஞான அறையிலிருந்து ஓர் அளவுச்சாடி. இவ்வளவுதான்.

கழுத்துப் பக்கம் சரிவு முடிந்து சுவர் நேராகும் இடத்தில் சுற்றிவர வெட்டுங்கள். முதல் வெட்டை ஆசிரியர் போட்டுக் கொடுப்பது நல்லது. வெட்டிய மேல்துண்டின் மூடியைக் கழற்றிவிட்டு, அதைத் தலைகீழாகப் போத்தலுக்குள் இறக்கினால் புனல் ஆகிவிடும். இரண்டு விளிம்பும் ஒன்றாக இருக்கும்படி ஒட்டுநாடா சுற்றுங்கள்.

போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். பல இடங்களில் கல் போட்டு, குறிப்பிட்ட அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதைப் பூச்சியம் என்று வைப்பார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு அது சரிவராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தண்ணீர் வற்றிப் பூச்சியம் இறங்கிவிடும். தேங்கிய தண்ணீர் டெங்கு நுளம்புக்கும் இடம் கொடுக்கும். ஆகவே புனலைப் பொருத்த முன்பே சீமெந்தும் மணலும் குழைத்து, சுவர் நேராகத் தொடங்கும் வரை ஊற்றி, மேசையில் மெல்லத் தட்டி மட்டமாக்குங்கள். இரண்டு நாள் காயட்டும். காற்றில் சாயாத பாரமும் கிடைத்துவிடும்.

அளவு குறித்தல்

இதைப் பிள்ளைகளே கணக்குப் பாடமாகச் செய்யட்டும். வெட்டிய வாயின் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 9 சென்ரிமீற்றர் என்றால் ஆரை 4.5. வாயின் பரப்பு 3.14 × 4.5 × 4.5, ஏறக்குறைய 63.6 சதுர சென்ரிமீற்றர். அந்த வாயில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் உள்ளே சேர்வது 63.6 மில்லிலீற்றர். அளவுச்சாடியால் 64 மில்லிலீற்றர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் 10 என்று கோடு போடுங்கள். மொத்தம் 127 ஆகும்போது 20, 191 ஆகும்போது 30. இடைவெளிகளை அடிமட்டத்தால் பிரித்துக்கொள்ளலாம். வெறும் அடிமட்டத்தை ஒட்டுவதைவிட இது நல்லது. போத்தலில் வரிப்பள்ளம் இருந்தாலும், சீமெந்து சற்றுச் சரிந்திருந்தாலும் இந்தக் கோடுகளில் பிழை வராது.

புனலின் கழுத்து உள்ளே இறங்கியிருப்பதால், தண்ணீர் அந்தக் கழுத்தைத் தொட்டதும் கோட்டை நம்ப வேண்டாம். அளவுச்சாடியில் ஊற்றி அளந்து, மில்லிலீற்றரை 6.36 ஆல் வகுத்தால் மில்லிமீற்றர் வரும். மாரியில் சில நாள் 100 மில்லிமீற்றரையும் தாண்டும். அப்படிக் கொட்டும் நாளில் பாடசாலை விடும்போதும் ஒருமுறை அளந்து ஊற்றிவிட்டு, அடுத்த காலை அளவோடு கூட்டுங்கள்.

வைக்கும் இடம்

நாங்கள் முதல் மழைமானியை வேப்பமரத்துக்குக் கிட்ட வைத்தோம், பந்து படாது என்று. ஒரு மாதத்துக்குப் பிறகு முற்றத்து நடுவில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துவரவில்லை. தூறலுக்கு மரத்தடிப் போத்தலில் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு மாத எண்களைக் கோடு போட்டு அடித்தோம். பிள்ளைகளுக்கு மனவருத்தம்தான். ஆனால் இலைகள் எவ்வளவு மழையைப் பிடித்துவைக்கின்றன என்பதை அன்றுதான் கண்டார்கள்.

மரமோ கட்டிடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். புல்தரையாக இருக்கட்டும், சீமெந்துத் தரையில் விழும் துளி தெறித்து உள்ளே வரும். வாய் நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். ஒரு கட்டையில் கட்டி, ஆடு மாடு வராமல் சுற்றித் தாழ்வான வேலி போடுங்கள்.

எழுதுதல்

நேரம் காலை 8.30. வளிமண்டலவியல் திணைக்களமும் நாளாந்த மழையை அந்த நேரத்தில்தான் கணக்கிடுகிறது. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீர்ப்பரப்பின் வளைவில் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை வாசிக்க, மற்றப் பிள்ளை சரிபார்த்து எழுத வேண்டும். பிறகு போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். இடி மின்னல் இருந்தால் அது அடங்கும்வரை யாரும் முற்றத்துக்கு இறங்கக் கூடாது.

“ரீச்சர், இண்டைக்கு மழையில்லையே, என்னத்த எழுதுற?” என்று கேட்பார்கள். 0 என்று எழுத வேண்டும். வெற்றுக்கட்டம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். 0 என்றால் பார்த்தோம், மழை இல்லை என்று பொருள். இந்த வித்தியாசம் விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. திங்கட்கிழமை காலையில் இருப்பது மூன்று நாள் மழை. அதை மூன்றால் பிரிக்காமல் “3 நாள் மொத்தம்” என்றே எழுதுங்கள்.

கொப்பியில் கடைசி நிரலைக் குறிப்புக்கு விடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த நிரல் அதுதான். விதைப்புத் தொடங்கிய நாள், வாவித் தண்ணீர் வீதிக்கு ஏறிய நாள், உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்த நாள், வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டிய நாள் எல்லாம் அதில் வரட்டும். முற்றத்தில் 5 மில்லிமீற்றர்தான், ஆனாலும் தாழ்நிலத்தில் வெள்ளம் என்று ஒரு நாள் வரும். அன்றைக்கு மேற்கே எங்கே மழை கொட்டியது, எந்தக் குளம் நிரம்பியது என்று பிள்ளைகள் தாங்களாகவே தேடத் தொடங்குவார்கள்.

எண்களை வைத்து என்ன செய்வது

ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். 100 அடி நீளம், 20 அடி அகலமான கட்டிடத்தின் கூரை ஏறக்குறைய 186 சதுர மீற்றர் நிலத்தை மூடுகிறது. 10 மில்லிமீற்றர் மழைக்கு அதில் விழுவது 1,860 லீற்றர். இந்தக் கணக்கைச் செய்த வகுப்பு, கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தாங்கியில் பிடித்துத் தோட்டத்துக்கு விடலாமா என்று அதிபரிடம் கேட்கப் போகும். சுற்றாடல் முன்னோடிக் குழு இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

மாத மொத்தங்களைச் சுவரில் சலாகை வரைபாகக் கீறுங்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் மற்ற மாதங்களுக்கு மேலே எழுந்து நிற்கும். ஒரு வருட வரைபை வைத்து “காலநிலை மாறிவிட்டது” என்று சொல்ல மட்டும் விடாதீர்கள். இன்றைய மழை வானிலை. காலநிலை என்று சொல்ல உலக வானிலை அமைப்பு 30 வருடச் சராசரியை எடுக்கிறது. ஆகவே கொப்பி ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாற வேண்டும்.

டிசம்பர் விடுமுறைதான் பெரிய சிக்கல். மழை உச்சத்தில் இருக்கும்போது பாடசாலை பூட்டியிருக்கும். இதே மாதிரி இன்னொரு போத்தலைச் செய்து, பாடசாலைக்கு அருகே வீடுள்ள ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். விடுமுறைக்கு இரண்டு கிழமை முன்பே இரண்டையும் ஒரே நாட்களில் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். விடுமுறை நாட்களின் அளவை வேறு நிற மையில், இடத்தையும் குறித்து எழுதுங்கள். கொப்பியின் பக்கங்களை மாதம் ஒருமுறை தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். வெள்ளம் அலுமாரிக்குள்ளும் வந்த ஊர் இது.