மோர்மன் அயலுக்குள் குடிபோகிற எங்கட ஆக்களுக்கு

போன மாதம் எங்கட வன்னியில், வட்டக்கச்சியில் சின்னம்மாவின் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், ப்ரோவோ என்ற ஊரில் வேலை. "அக்கா, அங்க முழுக்க மோர்மன் சனமாமே, எங்களை ஒதுக்கி வைப்பினமோ?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏழு வருசம் இருந்துவிட்டு வந்தவள் நான். ஒதுக்கமாட்டார்கள், கட்டி அணைப்பார்கள், சமாளிக்கக் கஷ்டம் அதுதான் என்றேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'மோர்மன்' என்று ஊர் உலகம் சொன்னாலும் 2018இலிருந்து அவர்களுடைய சபைத் தலைமை அந்தப் பெயர் வேண்டாம் என்கிறது; பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் முழுப்பெயர், முகத்துக்கு நேரே கதைக்கும்போது கவனம். 1830இல் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. போன இடமெல்லாம் துரத்தப்பட்டு, 1847இல் பிரிகம் யங்கின் தலைமையில் வண்டில் கட்டி மலை தாண்டி வந்து யூட்டாவில் குடியேறியிருக்கிறார்கள். வண்டிலில் சாமான் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த கதையை வன்னிச் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஜூலை 24இல் அதை ஊரே கொண்டாடும், கூச்சப்படாமல் போய் நில்லுங்கள்.

நீங்கள் போய்ச் சாமான் இறக்கி முடியும் முன்னமே கதவைத் தட்டுவார்கள். ஒருத்தி சுடச்சுடப் பாண் கொண்டுவருவாள், மூன்று ஆம்பிளையள் கேட்காமலே சோபாவைத் தூக்குவார்கள். மீள்குடியேறி வந்த நேரம் அயல்சனம் கூடிக் கொட்டில் போட்டுத் தந்தது மாதிரித்தான். இதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது: 'வார்ட்' என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரி வார்ட் இல்லை, அந்தந்தத் தெருக்களைச் சேர்த்த சபைப் பிரிவு. அதற்கு ஒரு பிஷப். எங்களுக்கு ஆயர் என்றால் மன்னார் ஆயர் மாதிரி அங்கியும் செங்கோலும்தான் நினைவுக்கு வரும், அங்கே பிஷப் என்பவர் சம்பளம் வாங்காமல் சில வருசம் அந்தப் பொறுப்பைப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர். எங்களுடையவர் பல் வைத்தியர். வந்த உதவியை வாங்குங்கள். திருப்பிச் செய்யவும் செய்யுங்கள், பனி கொட்டினால் அவர்களுடைய வாசலையும் ஒருக்கால் வழித்துவிடுங்கள்.

அப்புறம் தேத்தண்ணி. வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கள் கை தானாகவே கேத்தலுக்குப் போகும். நானும் ஏலக்காய் போட்டு, பால் விட்டு, நல்ல தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வந்திருந்த மோர்மன் அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தா, ஒரு மிடறு குடிக்கவில்லை, ஆடை படர்ந்துவிட்டது. தேயிலையும் கோப்பியும் அவர்களுக்கு விலக்கு என்று எனக்குப் பிறகுதான் தெரியும்; 1833இலிருந்து வருகிற கட்டளை, மது புகையிலையும் அதற்குள் அடங்கும். கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை இரண்டும் ஆகாது. கோலா குடிப்பார்கள், அதுவும் வாளி மாதிரிக் கோப்பையில், தேங்காய்ப் பாணியும் கிறீமும் விட்டு! மூலிகை என்றால் பிரச்சினை இல்லை. அதனால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை மல்லித்தண்ணி கொடுத்தேன், இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கினா.

இனி முக்கியமான விசயம். மடு மாதாவிடமும் போவோம், வட்டாப்பளைக் கண்ணகி அம்மனிடமும் போவோம், வேளாங்கண்ணிக்கும் நேர்த்தி வைப்போம். "எல்லாச் சாமியும் ஒண்டுதானே" என்பது எங்கள் வாயில் சும்மா வருகிற சொல். அங்கே அதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்களுக்கு அது கதையை மரியாதையாக முடிக்கிற சொல், அவர்களுக்கோ கதவைத் திறக்கிற சொல். நான் சொன்ன கிழமையே வெள்ளைச் சேர்ட், கழுத்துப்பட்டி, நெஞ்சில் பெயர் அட்டையோடு இரண்டு பெடியள் வந்து நின்றார்கள். ஊழியத்துக்கு 18 வயதிலிருந்தே வருவார்கள், ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இரண்டு வருசம். மீசை முளைக்காத பிள்ளையை 'எல்டர்', அதாவது மூப்பர், என்று கூப்பிட வேண்டும்! தங்கமான பிள்ளைகள். ஆனால் 'மோர்மன் புத்தகம்' என்ற தங்கள் வேதநூலை வாசித்து, இது உண்மையா என்று ஜெபித்துப் பார்க்கச் சொல்வார்கள், பிறகு ஞானஸ்நானத்துக்குத் திகதி கேட்பார்கள். நீங்கள் தலையாட்டினால் அது ஓம் தான். "பார்ப்போம்" என்றாலும் ஓம் தான். எங்கள் ஊரில் "பார்ப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம், அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே முதல் நாளே, சிரித்த முகத்தோடு: "நாங்கள் சைவக்காரர், மாறுகிற எண்ணம் இல்லை. ஆனால் எப்பவும் வாங்கோ, சாப்பிடுங்கோ." இவ்வளவுதான். காரணம் சொல்லப் போகாதீர்கள், காரணம் சொன்னால் அதற்கு மறுமொழி வரும். நான் இதை ஒன்பது மாதம் பிந்திச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டார் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள், மனம் வலித்தது, மற்றவர்கள் முன்னைய மாதிரியே இருந்தார்கள். அப்போதுதான் ஊரில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பெந்தகோஸ்துக் குடும்பம் நினைவுக்கு வந்தது. கோயில் பொங்கல் வேண்டாம் என்றதற்கு நாங்கள் எவ்வளவு கதைத்திருப்போம்! அந்த அக்காவும் சிரித்துக்கொண்டுதான் வேண்டாம் என்றவ.

தனிமை வெறுப்பால் வராது, நேரசூசியால் வரும். ஞாயிற்றுக்கிழமை சபை, பல கடைகளும் பூட்டு. திங்கள் பின்னேரம் குடும்ப நேரம், அப்போது யாரையும் கூப்பிடாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், தண்ணீரும் இல்லை, அன்றைக்குப் பலகாரத்தோடு போய் நிற்காதீர்கள். விரதம் பிடிக்கிற எங்களுக்கு இது விளங்கும், கந்தசஷ்டி பற்றிச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். ஞாயிறில் நாங்கள் சவுத் ஜோர்டானில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகத் தொடங்கினோம். ஸ்பானிஷ் ஃபோர்க்கில் ராதா கிருஷ்ணா கோயில் இருக்கிறது, அங்கே ஹோலிக்கு வண்ணப்பொடி எறிய வருகிற கூட்டத்தில் மோர்மன் பிள்ளைகளே நிறைய.

கலியாணத்துக்குச் சொன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர்களுடைய ஆலயத்துக்குள் உங்களை விடமாட்டார்கள், அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினருக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைச் சபைக் கட்டடம் வேறு, அங்கே யாரும் போகலாம். விருந்து பெரும்பாலும் அங்குள்ள விளையாட்டு மண்டபத்தில்தான், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. உடுப்புக்கு உள்ளே அவர்கள் போடுகிற புனித உள்ளாடையைப் பற்றியும் பலதார மணத்தைப் பற்றியும் பகிடி விடாதீர்கள், பலதாரத்தை 1890இலேயே சபை கைவிடத் தொடங்கிவிட்டது.

பிள்ளை இருந்தால் எட்டு வயதுக்கு ஆயத்தமாக இருங்கள். அந்த வயதில்தான் அவர்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம், வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக வெள்ளை உடுப்போடு படம் காட்டும். என் மகன் "எனக்கு எப்ப?" என்றான். உடனே மறுமொழி வரவில்லை எனக்கு. அந்த வருசம் பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஊருக்குக் கூட்டிவந்து வட்டாப்பளைப் பொங்கலுக்குக் கொண்டுபோனோம், கடல் தண்ணியில் விளக்கு எரிகிறதைக் கண் வெட்டாமல் பார்த்தான். திரும்பிப் போன மறுநாள் குசினியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பிஷப்பின் மகளும் இவனும் ஒரு கிண்ணத்தில் தண்ணி ஊற்றி, என் உப்புப் போத்தலைக் கவிழ்த்துக் கலக்கிக்கொண்டிருந்தார்கள், திரி மட்டும் கிடைக்கவில்லையாம்.