டிஆர்6-க்குப் புது மர டேஷ்போர்டு போடுவது எப்படி

ட்ரையம்ஃப் டிஆர்6 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் டேஷ்போர்டு மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்த வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு), எந்த வார்னிஷ், பளபளப்பா மங்கலா என்பதைத்தான். அதெல்லாம் வேலையின் சுலபமான பாதி. நேரத்தை விழுங்குவது பலகைக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களும் கேபிள்களும், அதிலும் குறிப்பாக எர்த், அதாவது மின்சாரம் காரின் இரும்பு பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு.

1968 முதல் 1976 வரை தயாரான இந்தக் காரில் ப்ளைவுட் மேல் வால்நட் வெனீர் ஒட்டிய பலகைதான் வரும். ஓட்டுநருக்கு எதிரே ஸ்பீடோமீட்டரும் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரும், நடுவில் நான்கு சின்ன மீட்டர்கள். வெயிலில் வார்னிஷ் வெடித்து, கண்ணாடி ரப்பர் வழியாகக் கசிந்த தண்ணீரில் ஓரத்து வெனீர் கிளம்பிவிட்டால் ஒட்டிப் பார்ப்பதை விட மாற்றுவதே மேல்.

புதுப் பலகை வாங்கும்போது கையுறைப் பெட்டியின் மூடியையும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு வாங்கினால் மரத்தின் ரேகை பொருந்தவே பொருந்தாது, ஒவ்வொரு முறை காரில் ஏறும்போதும் அது கண்ணில் உறுத்தும். பலகை வந்ததும் பழையதை அதன் மேல் வைத்து எல்லாத் துளைகளையும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஆண்டுக்கு ஆண்டு சுவிட்சுகளின் இடம் மாறியிருக்கிறது. ஆரம்பகாலக் கார்களில் அம்மீட்டர், பிற்காலக் கார்களில் வோல்ட்மீட்டர் என்ற வித்தியாசமும் உண்டு. வேலை முழுசாக முடியும்வரை பழைய பலகையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் அளவுகோல்.

சின்ன மீட்டர்களுக்குத் துளை சுமார் 52 மி.மீ. வார்னிஷ் துளையின் உள்ளேயும் படிவதால் மீட்டர் இறுக்கமாக உட்காரும், சிலது உள்ளேயே போகாது. அதை அமுக்கித் திணித்தால் வெனீர் பிளக்கும். அரைவட்ட அரத்தை எடுத்து முகப்பிலிருந்து பின்பக்கமாக மட்டும் தள்ளித் தேயுங்கள், திரும்ப இழுக்கும்போது அரம் மரத்தைத் தொடவே கூடாது, தொட்டால் ஓரத்து வெனீர் சிம்பாகக் கிளம்பிவிடும். தேய்த்த இடத்துக்கு மறுபடி ஒரு கை வார்னிஷ் கொடுங்கள். பலகையின் பின்புறத்துக்கும் துளை ஓரங்களுக்கும் வார்னிஷ் அடிக்காமல் விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும், பலகை வளைவதும் அதனால்தான். வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தது போதாது, நன்றாக இறுக வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரின் வளையம் அதில் பதிந்து ஒட்டிக்கொள்ளும். பளபளப்பா மங்கலா என்று கேட்டால் என் ஓட்டு மங்கலுக்குத்தான், பளபளப்பு முழுவதும் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூச வைக்கும்.

இனி கழற்றுவது. பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், இதில் சமரசமே வேண்டாம். அம்மீட்டர் உள்ள காரில் அதன் பின்னால் வரும் தடித்த பழுப்பு ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது, சாவி போடாவிட்டாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு ஸ்பானர் அதில் பட்டு பாடியிலும் பட்டால் ஒயர் கட்டு முழுவதும் எரிந்துவிடும். ஸ்டியரிங் வீலைக் கழற்றி, அதைத் தாங்கும் ஸ்டியரிங் தண்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் கை தாராளமாகப் போகும். அப்புறம் நிறைய படம் எடுங்கள், ஒவ்வொரு ஒயரிலும் எண் ஒட்டுங்கள், அதே எண்ணை மீட்டரின் பின்னாலும் எழுதுங்கள்.

லூக்காஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் ஒயர் நிற முறை தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கறுப்பு எர்த். பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை சாவி போட்டதும் வருவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டி வருவது. சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு, சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் விளக்குக்கு. முன்பு கார் வைத்திருந்தவர் யாராவது கையில் கிடைத்த ஒயரைப் போட்டு ஒட்டுவேலை செய்திருந்தால் இதெல்லாம் செல்லாது, மல்டிமீட்டர்தான் துணை.

சுவிட்சுகளைப் பிடித்திருக்கும் வளைய நட்டில் இரண்டு வெட்டுகள் இருக்கும், அதற்கான கருவியையே பயன்படுத்துங்கள். திருப்புளியால் நெம்பினால் என்றாவது ஒருநாள் வழுக்கிப் பலகையைக் கீறும். ஹீட்டர் குமிழ் வரவில்லை என்று இழுத்து உடைக்காதீர்கள். அதன் கழுத்தில் ஒரு குட்டித் துளை இருக்கும், மெல்லிய ஆணியால் உள்ளே இருக்கும் பின்னை அழுத்திக்கொண்டே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

எண்ணெய் அழுத்த மீட்டர் மின்சாரத்தில் ஓடுவதல்ல, இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக எண்ணெயே அதுவரை வருகிறது. அடியில் துணி போட்டுக் கழற்றுங்கள். இணைப்புக்குள் இருக்கும் சின்னத் தோல் வாஷர் கழன்று விழும், அதைத் தொலைத்துவிட்டால் உங்கள் பேண்ட்டில்தான் எண்ணெய் சொட்டும். புது வாஷர் போடுவது உத்தமம்.

எர்த்துக்கு வருவோம். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு மீட்டரின் உடலுக்கும் கறுப்பு ஒயர் போயாக வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்து, கடைசியில் துருவும் பெயின்டும் சுரண்டிய இரும்பில் நன்றாக முடுக்குங்கள். இதில் ஒன்று விட்டுப்போனால் விளக்கு மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கு சேர்ந்து துடிக்கும், இப்படி வினோதங்கள் வரும். வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் தகர உடலுக்கும் எர்த் கட்டாயம். பெட்ரோல், வெப்ப மீட்டர்களுக்கு அது சராசரி 10 வோல்ட் கொடுக்க வேண்டும், எர்த் இல்லாவிட்டால் முழு 12 வோல்ட்டும் போய் இரண்டுமே கூடுதலாகக் காட்டும். டேங்க் நிறைந்திருக்கிறது என்று நம்பி நடுவழியில் நிற்பீர்கள்.

பொருத்தும்போது சின்ன மீட்டர்களையும் சுவிட்சுகளையும் மேசையிலேயே, மெத்தென்ற துணியின் மேல் பலகையைக் கவிழ்த்து வைத்துப் போட்டுவிடுங்கள். ஸ்பீடோமீட்டரையும் டேக்கோமீட்டரையும் மட்டும் கடைசிக்கு விடுங்கள், அந்த இரண்டு பெரிய ஓட்டைகள் வழியாகத்தான் பின்னால் கையை விட்டு மற்ற எல்லாவற்றையும் மாட்ட முடியும். மீட்டரின் பின்னால் உள்ள ப வடிவப் பட்டையின் பித்தளை நட்டை விரலால் திருகினாலே போதும். குறடு வைத்து முடுக்கினால் மீட்டர் வளையம் வார்னிஷை வெட்டிவிடும்.

பலகையை ஸ்க்ரூ போட்டு மூடும் முன் சோதனை. பேட்டரி முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டுங்கள், எங்காவது ஷார்ட் இருந்தால் ஒயருக்குப் பதில் அது போகும். ஸ்டார்ட்டரையும் ஹெட்லைட்டையும் மட்டும் தொடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் கார் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்றால் பெட்ரோல் பம்ப் ஒயரையும் கழற்றி வையுங்கள். ஒவ்வொரு விளக்காக, மீட்டராகப் பாருங்கள், ஆனால் சாவியை ரொம்ப நேரம் போட்டு வைக்காதீர்கள், இக்னிஷன் காயில் சூடாகும்.

எல்லாம் சரி என்றால் ஃபியூஸை எடுத்துவிட்டுப் பேட்டரியை நேராக மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, எண்ணெய்க் குழாய் இணைப்பை டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள், துளி கறை கூட வரக்கூடாது. ஓட்டும்போது ஸ்பீடோமீட்டர் முள் ஆடினால் மீட்டரைச் சந்தேகப்படும் முன் கேபிளைப் பாருங்கள். பலகையை உள்ளே தள்ளும்போது கேபிள் மடங்கியிருக்கும், கொஞ்சம் அகலமாக வளைத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.