பழைய படத்தில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களா?

பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டதும், டிவி ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ என்பதைத் தேடி 16:9-ஐ 4:3 என்று மாற்றிவிடுங்கள் (இவை படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்). கதாநாயகி உடனே இளைத்துவிடுவார், செலவே கிடையாது.

அந்தக் காலத்துப் படங்களின் ஃப்ரேம் கிட்டத்தட்ட 4:3 அளவுதான். இன்றைய டிவி திரை 16:9. திரையை நிரப்ப டிவி படத்தை இழுக்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். கண்ணீர் விட்டு அழும் காட்சியில்கூட அம்மாவின் முகம் அமுக்கிய இட்லி மாதிரி தெரிவது இதனால்தான், நடிப்பில் குறையே இல்லை. சந்தேகமா? மாட்டுவண்டி வரும் காட்சியில் சக்கரத்தைப் பாருங்கள். முட்டை வடிவில் உருண்டால் படம் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல வீடுகளில் கேபிள் பெட்டி வழியாகத்தான் படம் வருகிறது. டிவியில் மாற்றியும் சரியாகவில்லை என்றால் பெட்டியின் ரிமோட்டிலும் இதே அமைப்பைப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான்.

1973-ல் தமிழில் சினிமாஸ்கோப் வந்துவிட்டது. அந்த அகலத் திரைப் படங்களுக்கு இதைச் செய்யாதீர்கள், எல்லோரும் பனைமரமாக நீண்டுவிடுவார்கள். அப்புறம், திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியே ஒளிபரப்பும் படங்களுக்கும் இது உதவாது. அதில் போன தலைப்பாகை போனதுதான்.