ரோட்டுல படுக்கவங்களுக்கு வீடு: பணம் எங்கேருந்து வரும்?

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல ராத்திரி 11 மணிக்கு போய் பாருங்க, செருப்ப கழட்டி தலைக்கு அடியில வச்சு படுத்திருப்பாங்க, வெளிய விட்டா காலைல இருக்காது பாத்துக்கிடுங்க. இவங்களுக்கு நிரந்தர வீடு கிடைக்க நீங்க பணம் திரட்டணும்னா மொதல்ல செலவ ரெண்டா பிரிங்க, வீட்டுக்கு ஒண்ணு, அப்புறம் மாசாமாசம் ஆகுற கரண்ட் பில்லு, மருந்து, பராமரிப்புக்கு ஒண்ணு. ரெண்டாவதத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க.

2015ல வந்த பிரதமர் வீட்டு திட்டத்துல சொந்தமா கட்டணும்னா நிலம் வேணும், ரோட்டுல கிடக்கவங்ககிட்ட ஏது நிலம்? அதனால அரசோட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டுற அடுக்குமாடி வீட்ட கேளுங்க. அதுலயும் பயனாளி பங்குன்னு ஒரு தொகை கட்டணும், ஆளுங்க மாட்டுறது அங்கதான், நீங்க வசூல் பண்ண வேண்டியதும் அதுக்குத்தான். ஆதார், பேங்க் அக்கவுண்ட் ரெண்டையும் முன்னாடியே எடுத்து குடுத்துடுங்க.

கம்பெனிங்ககிட்ட சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற பணம் கேக்கலாம், 2013 சட்டப்படி பெரிய கம்பெனிங்க மூணு வருச சராசரி லாபத்துல 2% செலவழிக்கணும். ஆனா உங்க டிரஸ்டுக்கு வருமான வரித்துறையோட 12ஏ, 80ஜி பதிவு, சிஎஸ்ஆர் பணம் வாங்குறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் இருக்கணும், இல்லன்னா வாசலோட அனுப்பிடுவாங்க.

நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆளு கல்ஃப்ல இருக்கான்லா, இந்திய பாஸ்போர்ட் உள்ளவங்க சம்பாத்தியத்துலேருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. அந்த மாசாந்திர செலவ அவங்க தலையில கட்டுங்க, ஆளுக்கு 500 ரூவா போதும்.