ஏற்காட்டு சில்வர் ஓக்குல எலக்ட்ரிக் கிட்டார்: சேலத்து வீட்டு மாடில செய்றவங்களுக்கு

நெக்க (வெரல் ஓடுற நீளக் கழுத்து) வாங்கிக்கோங்க, பாடிய (அது மாட்டுற ஒடம்பு) நீங்க செய்ங்க. மொத கிட்டார் செய்யணும்னு ஆசையா வர்ற யாருக்கும் நான் சொல்ற மொத பேச்சு இதான். நெக்குல ஃப்ரெட் (குறுக்கால பதிக்கிற சுரக் கம்பி) பள்ளம் அர மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே காதுல உறுத்தும், உள்ள ட்ரஸ் ராடு (நெக்கோட வளைவ திருத்துற இரும்புக் கம்பி) போகணும், மேல வளைவு சீரா வரணும், இதெல்லாம் கைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு மூணு நல்ல மேப்பிள் கட்டை வெறகாயிடும். பாடி அப்படி இல்ல, ஓரம் ரெண்டு நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்) கூடக்கொறைய போயிட்டா அது நம்ம டிசைன்னு சொல்லிக்கலாம். அதுல தப்பே பண்ணக்கூடாத எடம் ரெண்டுதான், நெக்கு உக்கார்ற குழி, பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கோட அடிப் பக்கத்த தாங்குற உலோகத் தகடு) நிக்கிற எடம். இந்த ரெண்டும் கெட்டுப்போறது பாதி நம்ம கையால, பாதி மரத்தால.

மரத்துலேர்ந்தே ஆரம்பிப்போம். ஃபெண்டர்ங்கிற அமெரிக்கக் கம்பெனி கிட்டார்னா ஆஷ், ஆல்டர்னு நெட்டுல படிச்சுட்டு அத தேடி அலையாதீங்க, அது அவங்களுக்கு அங்க சல்லிசா கெடச்ச மரம், அவ்ளோதான். நமக்கு சில்வர் ஓக் இருக்கு. ஏற்காட்டுல காபித் தோட்டத்துக்குள்ள நெட்டநெட்டையா நிக்குமே, மொளகுக்கொடிய மேல ஏத்திக்கிட்டு, அதான். பேருலதான் ஓக்கு, நெசத்துல அது ஆஸ்திரேலியா மரம், ஓக்குக்கும் அதுக்கும் ஒறவே கெடையாது. தண்டோட மையத்தப் பாத்த மாதிரி அறுத்த பலகை கெடச்சா விடாதீங்க, இழைச்சு எண்ணெய் தொட்டதும் மீன் செதில் மாதிரி மினுமினுன்னு ஒரு கோலம் எழும்பும், அதுக்கு மேல பெயிண்ட் அடிக்கவே மனசு வராது. தேக்கு அழகுதான், ஆனா ரெண்டு மணி நேரம் நின்னு வாசிச்சுப் பாருங்க தோள்பட்ட சொல்லும், போதாததுக்கு அதுல எண்ணெய்ப்பசை வேற, ஒட்டுற மொகத்த தின்னர்ல தொடைக்காம பசை போட்டா பிடிக்காது. பலா நம்ம வீணை மரம், தாராளமா போடலாம், மஞ்சளா இருந்து போகப்போக பழுப்பாகும். மலைவேம்பு லேசு, ஆனா ஸ்க்ரூ பிடிமானம் கம்மி. ஈட்டின்னு எவனாச்சும் கொண்டாந்து காட்டினா பில் இல்லாம தொடாதீங்க, ரோஸ்வுட்டுக்குன்னே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட்டிருந்தாங்க.

இப்ப நான் பட்ட பாடு. மொத தடவ ஐப்பசி மழைல ஏற்காட்டுலேர்ந்து ஒரு சில்வர் ஓக் பலகைய சாக்குல சுத்தி, இருபது கொண்டை ஊசி வளைவும் பைக் பின்னாடி உக்காந்து மடில புடிச்சுக்கிட்டே எறங்கிட்டேன், வந்த ரெண்டாவது வாரமே அறுத்து குழி தோண்டி நெக்க மாட்டி ஊரெல்லாம் போட்டோ அனுப்பியாச்சு. பங்குனி வெயில் வந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் சும்மா சுவத்துல சாஞ்சிருந்த கிட்டார்லேர்ந்து டக்குனு ஒரு சத்தம், பாத்தா நெக்குக் குழியோட மெல்லிசான பக்கம் மூலைலேர்ந்து வெடிச்சிருக்கு. மரம் குறுக்குவாட்டுல சுருங்கும்போது அதுல இருக்கிற குழியும் சேந்து சுருங்கும், ஆனா உள்ள உக்காந்திருக்கிற மேப்பிள் ஏற்கனவே காஞ்சது, அது எடம் குடுக்காது, அப்ப எவன் மெல்லிசோ அவன் வெடிப்பான். எங்க தெரு ஆசாரி அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போய் காட்டினேன், பாத்துட்டு சிரிச்சாரு. "மரம் மலைய விட்டு எறங்கிருச்சு தம்பி, தண்ணி இன்னும் எறங்கலயே"னாரு.

அவரு சொல்லிக்குடுத்தது தராசு. பலகைய வாங்கினதும் ரெண்டு வெட்டு மொகத்துலயும் பழைய பெயிண்ட் இல்லன்னா மெழுகு தடவிடுங்க, இல்லாட்டி ஓரம் மட்டும் சீக்கிரம் காஞ்சு பொளந்துக்கும். அடில ஒரு அடிக்கு ஒரு ரீப்பர் வச்சு, காத்து போற நெழல்ல கெடத்துங்க, எங்க வீட்ல மாடிப்படிக்குக் கீழதான். வெயில்ல மட்டும் போடாதீங்க. வாரம் ஒருவாட்டி தூக்கி எட போட்டு தேதியோட பலகை மேலயே பென்சில்ல எழுதுங்க. என்னோட ரெண்டாவது பலகை, இருபது இஞ்சுக்கு பதினாலு இஞ்ச், ரெண்டு இஞ்ச் கனம், வந்தன்னிக்கு 7 கிலோ 100, ஒரு மாசத்துல 6 கிலோ 300, அப்புறம் 5 கிலோ 900, அதுக்கப்புறம் மூணு வாரம் பத்து கிராம் இருபது கிராம்னு முக்கி முனகிட்டு நின்னுருச்சு. எட கொறையறது நின்னா அந்த எடத்துக் காத்தோட மரம் சமாதானமாயிடுச்சுன்னு அர்த்தம். பச்ச மரம்னா ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருசம்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, அவ்ளோ பொறுமை இல்லன்னா மரவாடில பழைய ஸ்டாக் கேளுங்க, ஆனா அவங்க "காஞ்சதுங்க"ன்னு சொன்னாலும் ரெண்டு வாரம் எட போட்டு பாத்துட்டே அறுங்க.

ஒரே பலகைல பதினாலு இஞ்ச் அகலம் கெடைக்கலன்னா ரெண்ட ஒட்டிக்கலாம். ரெண்டு ஓரத்தையும் இழைப்புளி போட்டு, சேத்துப் புடிச்சு லைட்டுக்கு எதிர்ல பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா திரும்ப இழைங்க. கிளாம்ப உயிர் போற மாதிரி இறுக்கி பசைய எல்லாம் வெளிய பிதுக்கிடாதீங்க, பிடிச்சா போதும், ஒரு ராத்திரி விடுங்க. கடைசி கனம் ஒண்ணேமுக்கால் இஞ்ச், ஆசாரி பாஷைல பதினாலு நூல்.

டெம்ப்ளேட்ட (வெட்டுறதுக்கு வழிகாட்டுற அச்சு) 12 எம்எம் எம்டிஎஃப் பலகைல செஞ்சுக்கோங்க, தப்பு எல்லாத்தையும் அதுலயே பண்ணி முடிச்சுடுங்க, சில்வர் ஓக்க விட அது மலிவு. குழி தோண்ட மொதல்ல ட்ரில்ல ஓட்டை ஓட்டையா போட்டு பெரும்பகுதிய எடுத்துட்டு அப்புறம் ரவுட்டர் (பிட்டு சுத்தி மரத்த செதுக்குற மெஷின்) வைங்க, ஒரு தடவைக்கு மூணு நாலு எம்எம்முக்கு மேல எறக்காதீங்க. பேராசப்பட்டா பிட்டு கவ்வி ஓரத்துல ஒரு சில்லு பேத்துக்கிட்டு போகும், அந்த சில்ல தரைல தேடி எடுத்து திரும்ப ஒட்டின அனுபவம் எனக்கு உண்டு. மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் கட்டாயம், சில்வர் ஓக் தூசு சில பேருக்கு தோல்ல அரிப்பு கெளப்பும், எனக்கு கழுத்துல ரெண்டு நாள் இருந்துச்சு.

நெக்குக் குழி. ஃபெண்டரோட ஸ்ட்ராட், டெலி மாடல் மாதிரி நெக்குன்னா அடிப்பகுதி அகலம் 56 எம்எம் பக்கம், குழி ஆழம் அஞ்சு நூல், அதாவது 16 எம்எம். ஆனா இந்த நம்பர நம்பி தோண்டாதீங்க, வாங்கின நெக்க பலகை மேல வச்சு அதையே அளந்து டெம்ப்ளேட் போடுங்க, ஒவ்வொரு கம்பெனியும் அர எம்எம் அப்படி இப்படி வருது. ஸ்க்ரூ போடாம நெக்க சொருகி, நெக்க மட்டும் புடிச்சு தூக்கினா பாடியும் கூடவே எந்திரிக்கணும், அதுதான் பொருத்தம், சுத்தியல் தட்டித்தான் உள்ள போகுதுன்னா அது டைட்டு, வெடிப்பு கதைதான். நாலு ஸ்க்ரூவும் பாடி ஓட்டைல சும்மா வழுக்கிட்டு போகணும், நெக்கு மரத்துலதான் பிடிக்கணும், ரெண்டுலயும் மரை பிடிச்சா நடுவுல சின்ன சந்து நின்னுடும், எவ்ளோ முறுக்கினாலும் மூடாது. மேப்பிள் கல்லு மாதிரி, சரியான சைஸ்ல ஓட்டை போட்டுட்டு ஸ்க்ரூ மரைல மெழுகுவத்திய தேய்ச்சு ஏத்துங்க, இல்லன்னா தலை முறிஞ்சு உடம்பு உள்ளயே தங்கிடும்.

பிரிட்ஜ் எடம் இன்னும் முக்கியம். நட்டுலேர்ந்து (நெக்கோட தலைப் பக்கம் ஸ்ட்ரிங்க தாங்குற பள்ளக் கட்டை) பன்னண்டாவது ஃப்ரெட் நடு வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்க, அதான் உங்க ஸ்கேல், ஸ்ட்ரிங் அதிர்ற நீளம். ஃபெண்டர் வகைன்னா 25.5 இஞ்ச், அதாவது 648 எம்எம் வரும், பன்னண்டாவது ஃப்ரெட் 324ல இருக்கணும். மெல்லிசு ஈ ஸ்ட்ரிங்கோட சேடில (பிரிட்ஜுல ஸ்ட்ரிங் உக்கார்ற, நகர்ற துண்டு) நெக்குப் பக்கம் நல்லா முன்னாடி தள்ளி வச்சு, அது அந்த 648ல நிக்கிற மாதிரி பிரிட்ஜ வைங்க, தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு எல்லாம் சேடில் பின்னாடி போக எடம் வேணும், ரெண்டு மூணு எம்எம் பின்னாடி போகும். தலைகீழா நடுவுல வச்சுட்டு அப்புறம் சேடில் திருகி முடிஞ்சு எடமே இல்லாம முழிக்கிறவங்கள பாத்திருக்கேன். ஓட்டை போடறதுக்கு முன்னாடி தையல் நூல் ரெண்டு எடுத்து, நட்டுல ரெண்டு ஓர பள்ளத்துலேர்ந்தும் பிரிட்ஜ் ஓர சேடில் ரெண்டுக்கும் இழுத்துக் கட்டுங்க. நெக்கோட கடைசி ஃப்ரெட்டுகிட்ட குனிஞ்சு பாருங்க, ரெண்டு பக்கமும் நூலுக்கும் ஓரத்துக்கும் நடுவுல ஒரே சந்து இருக்கணும். இல்லன்னா பிரிட்ஜ நகத்துங்க. இத நான் ஒரு மணி நேரம் செய்வேன், வீட்ல "இன்னும் அந்த நூல கட்டிக்கிட்டேவா இருக்க"ன்னு கேட்பாங்க, கேட்கட்டும்.

பூச்சு பத்தி ஒண்ணே ஒண்ணு. என்சி லேக்கர (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) மழைக்காலத்துலயோ ஏற்காட்டு மூடுபனிலயோ அடிக்காதீங்க, ஈரம் உள்ள மாட்டி பால் ஊத்தின மாதிரி வெள்ளையா பூத்துரும். சித்திரை வெயில்லயும் வேணாம், காத்துலயே காஞ்சு பொடிப்பொடியா விழும். தை, மாசி காலைல அடிங்க. நான் இப்ப ஆளி விதை எண்ணெய்தான், துணியால தேய்ச்சு தேய்ச்சு. அந்தத் துணிய மட்டும் சுருட்டிப் போடாதீங்க, தானா சூடேறி தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போட்டுட்டுத்தான் தூக்கிப் போடணும்.

ஒயரிங்குக்கு மொத கிட்டார்ல ஒரு ஹம்பக்கர் (ரெண்டு சுருள் வச்ச பிக்கப், அதாவது ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்துற காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு ஜாக்கு போதும். ஹம்பக்கருக்கு 500கே (கிலோ ஓம்) பாட், அதாவது வால்யூம் திருகுற ரெசிஸ்டர், ஒத்தச் சுருள் வச்ச சிங்கிள் காயிலுக்கு 250கே. ரேடியோ ஸ்பேர்ஸ் கடைல கேட்டா 100கே தூக்கிக் குடுப்பாங்க, நானும் ஒருவாட்டி வாங்கிப் போட்டேன், கிட்டார் கம்பளி போத்திக்கிட்டு பாடுச்சு. பாட் மேல நம்பருக்கு முன்னாடி ஏ எழுத்து இருக்கான்னு பாருங்க, பி போட்டா திருகுற வேலையெல்லாம் ஒரு முனைலயே முடிஞ்சுடும். வாங்கின பிக்கப்ப மல்ட்டிமீட்டர்ல வைங்க, ஹம்பக்கர் பெரும்பாலும் 7லேர்ந்து 9 கிலோ ஓம், சிங்கிள் 6 பக்கம், ஒண்ணுமே காட்டலன்னா சுருள் அறுந்திருக்கு, திருப்பிக் குடுங்க. பாட் முதுகுல எர்த் ஒயர் பத்த வைக்க உப்புத்தாள்ல சுரண்டிட்டு, நாப்பது வாட்டுக்குக் கொறையாத அயர்ன்ல மொதல்ல தகரத்த சூடாக்குங்க, அப்புறம் ஈயத்த தொடுங்க, அயர்ன் மொனைல ஈயத்த உருக்கி மேல சொட்டு விட்டா ஒட்டின மாதிரி நடிச்சு ஒரு வாரத்துல கழண்டுக்கும். பிரிட்ஜுக்கு அடில ஒரு ஒயர் கட்டாயம் எர்த்துக்குப் போகணும், மறந்துட்டா இரைச்சல் தாங்காது. குழிக்குள்ள தாமிர டேப்பு ஒட்டி எர்த் பண்ணுங்க, சமையல் அலுமினியத் தாள் வேணாம், அதுல ஈயம் பிடிக்காது.

ஸ்ட்ரிங் போடாமயே ஆம்ப்ல மாட்டி ஸ்க்ரூட்ரைவரால பிக்கப் மேல லேசா தட்டுங்க, டொக்குனு கேட்டா லைன் ஓகே. ஸ்ட்ரிங் போட்டப்புறம் கைய வச்சா இரைச்சல் கொறையணும், கை வச்சா கூடுச்சுன்னா ஜாக்குல ரெண்டு ஒயரும் மாறியிருக்கு. இன்னொண்ணு, சீரியஸா சொல்றேன், பழைய வீடுகள்ல மூணாவது பின்னுக்கு எர்த்தே இழுத்திருக்க மாட்டாங்க, ஆம்ப்ல கசிவு இருந்தா அது ஸ்ட்ரிங் வழியா உங்க கைக்கு வரும். ஸ்ட்ரிங்க தொட்டா சுருசுருன்னு இருக்குன்னா வாசிக்காதீங்க, எலக்ட்ரீஷியன கூப்புடுங்க.

செட்டப்புக்கு டூ வீலர் மெக்கானிக் வால்வு இடைவெளி பாக்கிற ஃபீலர் கேஜ் வாங்கிக்கோங்க, அத விட சல்லிசான நல்ல டூல் கெடையாது. சுருதி சேத்துட்டு மொத ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட் மேல 0.2 எம்எம் பிளேடு உரசி உரசாம போகணும், அதிகமா இருந்தா ட்ரஸ் ராட வலப்பக்கம் கால் சுத்து, அதுக்கு மேல ஒரே நாள்ல திருகாதீங்க. அப்புறம் சேடில் ஒசரம், பன்னண்டாவது ஃப்ரெட்டுகிட்ட ஒண்ணரைலேர்ந்து ரெண்டு எம்எம். கடைசியா சுருதி, பன்னண்டாவது ஃப்ரெட்டுல அழுத்தி வாசிக்கிற சத்தம், அதே எடத்துல லேசா தொட்டு வாசிக்கிற சத்தத்த (ஹார்மானிக்) விட ஏறி இருந்தா சேடில பின்னாடி தள்ளுங்க.

மழைக்காலத்துல கூரியர்ல வந்த நெக்கு பங்குனி ஆச்சுன்னா ஓரத்துல விரல கீறும். ஃப்ரெட்டு வளரல, ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கி கம்பி முனை வெளிய நீட்டுது. நைசு அரத்துல முப்பத்தஞ்சு டிகிரி சாச்சு தேய்ச்சு எடுத்துடலாம், மரத்துல மாஸ்கிங் டேப்பு ஒட்டிட்டு. மினுமினுப்புக்கு நான் செவ்வாய்ப்பேட்டைல தெரிஞ்ச கொலுசுப் பட்டறைக்குத்தான் தூக்கிட்டுப் போவேன், வெள்ளிக்குப் போடுற பஃப்புல சின்ன சக்கரத்த மாட்டி இருபத்திரண்டு ஃப்ரெட்டையும் கால் மணி நேரத்துல கண்ணாடியாக்கிடுவாரு, "இது என்னப்பா, வீணையோட தம்பியா"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்பாரு, டீக்கு மேல காசு வாங்க மாட்டாரு. ஆனா அங்க போறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்க கழட்டிடுங்க, பிக்கப்ப டேப்பு போட்டு மூடிடுங்க. பட்டறைல இரும்புப் பொடி பறக்கும், காந்தத்துல போய் ஒட்டுச்சுன்னா புளூ டாக்க (சுவத்துல போஸ்டர் ஒட்டுற பிசுபிசு பசை) வச்சு ஒத்தி ஒத்தி எடுக்கிறதுக்கு ஒரு ஞாயித்துக்கெழமை போயிடும்.